நெட் மீட்டரிங்: ‘வரம்பு முடிந்தது’ என்றால் எந்த வரம்பு?

கூரையில் சோலார் பேனல் வைத்த வீடு. நடுப்பகல். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேனல் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதிக்கு அந்த நேரத்தில் வீட்டுக்குள் வேலையில்லை. அது மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போய், பக்கத்து வீடுகளில் செலவாகிறது. இருட்டிய பிறகு அதே வீடு கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டிலிருந்து கழித்து, மிச்சத்துக்கு மட்டும் பில் போடுவதுதான் நெட் மீட்டரிங்.

பழைய சுழல் தட்டு மீட்டர்களில் இதற்குத் தனி ஏற்பாடே தேவைப்படவில்லை. மின்சாரம் எதிர்த்திசையில் போனால் தட்டும் எதிர்த்திசையில் சுற்றும், எண் குறையும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1983-இல் 40 கிலோவாட்டுக்குக் குறைவான சிறு உற்பத்தியாளர்களுக்காக இதைச் சட்டமாக்கியது. கவனித்தால், அந்தத் தொடக்ககாலச் சட்டத்திலேயே ஓர் எண் இருக்கிறது: 40 கிலோவாட். நெட் மீட்டரிங் பிறந்தபோதே வரம்பும் கூடவே பிறந்துவிட்டது.

சோலார் வைக்க விண்ணப்பிக்கும் ஒருவருக்கு மின் நிறுவனத்திடமிருந்து ‘வரம்பு முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தால், அவர் பொதுவாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைப்பார்: கம்பியில் இடமில்லை போலிருக்கிறது. ஆனால் ‘வரம்பு’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒரு வீடு எவ்வளவு பெரிய அமைப்பை வைக்கலாம் என்பது ஒன்று. மொத்தத் திட்டத்துக்குள் எத்தனை மெகாவாட் வரை சேர்க்கலாம் என்பது இன்னொன்று. அந்தத் தெருவின் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் எவ்வளவு தாங்கும் என்பது மூன்றாவது. முதலாவது நியாயம் பற்றியது, இரண்டாவது பணம் பற்றியது, மூன்றாவது மட்டுமே இயற்பியல். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே சொல்லில் பதில் தருவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய அநீதி என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு

முதல் வரம்பு எளிது. நெட் மீட்டரிங் என்பது சொந்தத் தேவைக்காக உற்பத்தி செய்பவருக்கான சலுகை, மின்சாரம் விற்கும் தொழிலுக்கானது அல்ல என்பது இதன் அடிப்படை. அதனால் அமைப்பின் அளவை எதனோடாவது கட்டிப்போடுகிறார்கள். சில இடங்களில் நேரடியாக கிலோவாட் கணக்கு. சில இடங்களில் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை: இந்தியாவில் 2021-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், 500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட மின்சுமை, இரண்டில் எது குறைவோ அதுவரை நெட் மீட்டரிங் என்கின்றன. வேறு சில இடங்களில் ஆண்டுப் பயன்பாடுதான் அளவுகோல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் ஆண்டுப் பயன்பாட்டில் 120 சதவீதம் வரை என்று வைத்திருந்ததை 2021-இல் 200 சதவீதமாக உயர்த்தியது. நாளைக்கு மின்சார கார் வாங்கப்போகிறவர் இன்றைய பில்லுக்கு ஏற்ற பேனலை மட்டும் வைத்தால் போதாது அல்லவா? அந்த வகையில் இந்த உயர்வு நல்ல முடிவு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அமைப்பின் அளவு என்றால் பேனலின் அளவா, அல்லது பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கும் கம்பிக்கும் ஏற்றபடி மாற்றும் கருவியான இன்வெர்ட்டரின் அளவா? 6 கிலோவாட் பேனலை 5 கிலோவாட் இன்வெர்ட்டரோடு இணைத்தால் வெளியே வரக்கூடியது 5 கிலோவாட்தான். பேனலைக் கணக்கிடும் இடத்தில் இந்த அமைப்பு வரம்பைத் தாண்டிவிடும். இன்வெர்ட்டரைக் கணக்கிடும் இடத்தில் உள்ளேயே நிற்கும். விண்ணப்பம் போடுமுன் விதியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

திட்டம் முழுவதற்கும் எவ்வளவு

இரண்டாவது வரம்புதான் அதிகம் சண்டைக்கு உள்ளானது. மின் நிறுவனத்தின் உச்சத் தேவையில், அதாவது தேவை மிக அதிகமாக இருக்கும் நேரத்து அளவில், இத்தனை சதவீதம் வரைதான் நெட் மீட்டரிங், அது நிரம்பினால் புதியவர்களுக்குக் கதவு மூடப்படும் என்பது இதன் வடிவம்.

இது ஏன் வந்தது என்று புரிய, ஒரு யூனிட் விலைக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் யூனிட்டுக்குக் கொடுக்கும் பணம் எரிபொருளுக்கு மட்டும் போவதில்லை. கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், துணை மின்நிலையம், ஊழியர் சம்பளம், கட்டுமானக் கடன் எல்லாமே அதில் இருக்கின்றன. சோலார் வீடு ஒரு யூனிட்டை உள்ளே அனுப்பும்போது நிறுவனத்துக்கு மிச்சமாவது முக்கியமாக அந்த யூனிட்டை வேறெங்கிருந்தோ வாங்கும் அல்லது உற்பத்தி செய்யும் செலவு. கம்பியும் கம்பமும் அப்படியே நிற்கின்றன. அந்த வீடே இரவில் அவற்றைப் பயன்படுத்துகிறது. ஆனால் நெட் மீட்டரிங் அந்த யூனிட்டுக்கு முழுச் சில்லறை விலையைத் தருகிறது. இடைவெளியை யார் நிரப்புவது? அடுத்த கட்டண உயர்வில் பேனல் இல்லாத வீடுகள் நிரப்புகின்றன. வாடகை வீட்டில் இருப்பவரும் சொந்தக் கூரை இல்லாதவரும் அதில் சேர்த்தி. இந்த வாதத்தை வெறும் நிறுவன சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் அதே தெருவில் செலவாவதால் நெடுந்தூரக் கம்பி இழப்பு இல்லை. பகல் உச்சத் தேவை உள்ள இடங்களில் புதிய கட்டுமானத்தைத் தள்ளிப்போடவும் அது உதவும். எனவே அந்த யூனிட்டின் உண்மையான மதிப்பு சில்லறை விலைக்கும் எரிபொருள் விலைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பது இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது.

இந்தக் கணக்கைத் தீர்க்காமல் திட்டத்தைத் தொடங்க ஒரு வழிதான் மொத்த வரம்பு. சிலபேர் மட்டும் சேர்ந்தால் மற்றவர் மீது விழும் சுமை தெரியாது. அதனால் ஒரு சிறிய சதவீதத்தை வைத்துத் தொடங்குவோம், நிரம்பும்போது பேசிக்கொள்வோம் என்பதே ஏற்பாடு. கலிஃபோர்னியா இதற்கு நல்ல சாட்சி. 1995 சட்டத்தில் 0.1 சதவீதத்தில் தொடங்கிய வரம்பு படிப்படியாக 0.5 சதவீதம், 2006-இல் 2.5 சதவீதம், 2010-இல் 5 சதவீதம் என்று ஏறியது. ஒவ்வொரு முறையும் கம்பியில் ஏதோ மாறியதால் அது ஏறவில்லை. சட்டமன்றத்தில் பேரம் படிந்ததால் ஏறியது.

அதைவிட முக்கியமான சம்பவம் 2012 மே மாதம் நடந்தது. 5 சதவீதம் சரி, எதில் 5 சதவீதம்? எல்லா வாடிக்கையாளர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுக்கும் உச்சத் தேவையிலா? அல்லது ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனித்தனியே வெவ்வேறு நேரத்தில் தொடும் உச்சங்களைக் கூட்டிய தொகையிலா? உங்கள் வீட்டு உச்சம் இரவு எட்டு மணிக்கு, பக்கத்துத் தொழிற்கூடத்தின் உச்சம் காலை பதினோரு மணிக்கு என்றால், தனித்தனியாகக் கூட்டிய எண் மிகப் பெரிதாக இருக்கும். மாநில ஒழுங்குமுறை ஆணையம் இரண்டாவது அர்த்தம்தான் சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தது. சதவீதம் மாறவில்லை, அனுமதிக்கப்பட்ட மெகாவாட் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பின்னர் அதையே சட்டத்தில் மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் சேர்த்து 5,256 மெகாவாட் என்று எண்ணாகவே எழுதிவிட்டார்கள்.

ஒரு சொல்லின் அர்த்தத்தை மாற்றினால் இரட்டிப்பாகும் வரம்பு, கம்பியின் வலிமை பற்றியதாக இருக்க முடியாது. நான் இந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சதவீதத்தைக் கேட்டவுடன் அது பொறியியல் முடிவு என்று நம்பிவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டியது, எந்த எண்ணில் அந்தச் சதவீதம் என்பதே.

வரம்பு நிரம்பும் நேரத்தில் என்ன ஆகும் என்பதற்கு நெவாடா மாநிலம் பாடம். அங்கே 235 மெகாவாட் வரம்பு 2015 ஆகஸ்டில் நிரம்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையம் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது: மாத நிலைக் கட்டணம் படிப்படியாக உயரும், அனுப்பும் யூனிட்டுக்கான மதிப்பு குறையும். அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே பேனல் வைத்திருந்தவர்களுக்கும் அதையே விரித்தது. இருபது ஆண்டுக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கியவர்களின் காலடியில் தரை நகர்ந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2016-இல் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய முறையே என்று பின்வாங்கினார்கள். 2017-இல் வந்த சட்டம் கதவை மூடித் திறப்பதற்குப் பதில் படிக்கட்டு கட்டியது: அனுப்பும் யூனிட்டுக்கு முதலில் சில்லறை விலையில் 95 சதவீதம், ஒவ்வொரு 80 மெகாவாட் நிரம்பும்போதும் 88, 81, கடைசியில் 75 சதவீதம். சேர்ந்த நாளில் இருந்த படி அவருக்கே உரியது. மொத்த வரம்புக்கு நான் பார்த்த மாற்றுகளில் இது நேர்மையானது. எப்போது என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். கடைசி வாரத்தில் அலைமோத வேண்டியதில்லை.

கம்பி உண்மையில் தாங்காதபோது

சரி, இயற்பியலுக்கு வருவோம். இதுவும் கற்பனை அல்ல.

மின் விநியோகக் கம்பிகள் ஒரு திசையை நினைத்துக் கட்டப்பட்டவை: துணை மின்நிலையத்திலிருந்து வீட்டுக்கு. போகப்போக வோல்டேஜ் இறங்கும் என்பதால், கடைக்கோடி வீட்டுக்கும் போதுமானது போய்ச் சேரும்படி டிரான்ஸ்ஃபார்மரில் சற்று ஏற்றியே வைத்திருப்பார்கள். இப்போது அந்தக் கடைக்கோடி வீடுகளில் பேனல். மின்சாரத்தைக் கம்பிக்குள் தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் கம்பியில் இருப்பதைவிடச் சற்றே கூடுதல் வோல்டேஜ் தர வேண்டும். பத்து வீடுகள் ஒரே மதியத்தில் தள்ளினால், ஏற்கெனவே ஏற்றி வைத்த வோல்டேஜ் இன்னும் ஏறும். 230 வோல்ட், பத்து சதவீதம் கூடலாம் என்ற விதி உள்ள இடங்களில் மேல் எல்லை 253 வோல்ட். அதை நெருங்கும்போது இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும், அல்லது தன்னை அணைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் பேனல் நின்றுபோகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு முதலில் நிற்கும். அவர் செய்த தவறு ஒன்றுமில்லை.

இன்னொரு கவலை, தனித்தீவு நிலை. மெயின் சப்ளை நின்றபோதும் தெருவின் தேவையும் தெருவின் சோலார் உற்பத்தியும் தற்செயலாகச் சமமாக இருந்தால், அந்தப் பகுதி மட்டும் உயிரோடு இருக்கலாம். பழுது பார்க்க ஏறும் ஊழியருக்கு அது உயிராபத்து. அதனால்தான் இன்வெர்ட்டர் இரண்டு விநாடிக்குள் இதைக் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை கேட்கிறது.

இதிலிருந்துதான் புகழ்பெற்ற 15 சதவீத விதி வந்தது. ஒரு ஃபீடரின், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்தடத்தின், குறைந்தபட்ச தேவை அதன் உச்சத்தில் சுமார் 30 சதவீதம் இருக்கும் என்பது அனுபவக் கணக்கு. அதில் பாதிக்குள் உற்பத்தி இருந்தால் சமநிலை ஏற்பட வாய்ப்பே இல்லை. எனவே உச்சத்தில் 15 சதவீதம் வரை ஆய்வு இல்லாமல் விரைந்து அனுமதிக்கலாம். 2005-இல் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சிறு உற்பத்தியாளர்களைக் கம்பியில் இணைப்பதற்கான தன் மாதிரி நடைமுறையில் சேர்த்தது. கவனியுங்கள்: அதற்கு மேல் போனால் ஆபத்து என்று அந்த விதி சொல்லவில்லை, அதற்கு மேல் போனால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்கிறது. காலப்போக்கில் பல இடங்களில் அது கதவாகவே மாறிவிட்டது. 2013-இல் அதே ஆணையம், 15-ஐத் தாண்டியவர்களுக்கு இரண்டாவது சுற்றாக, குறைந்தபட்ச தேவையில் 100 சதவீதம் வரை என்ற தளர்வைக் கொண்டுவந்தது. சோலார் பகலில் மட்டுமே இருப்பதால் பகல் நேரக் குறைந்தபட்ச தேவையைப் பார்த்தால் போதும், நள்ளிரவு எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

அளந்து பார்த்தால் வரம்பு எவ்வளவு நகரும் என்பதற்கு ஹவாய் சாட்சி. 2013-இல் அங்கே ஓவாஹு தீவின் பல ஃபீடர்களில் சோலார், பகல் குறைந்தபட்ச தேவையையே எட்டியிருந்தது. இனி நிறுவுமுன் அனுமதி வாங்க வேண்டும் என்று நிறுவனம் அறிவிக்க, ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வரிசையில் தேங்கின. ஃபீடர் திடீரெனத் துண்டாகும்போது இன்வெர்ட்டர்கள் வோல்டேஜைத் தாறுமாறாக ஏற்றிவிடுமோ என்பது பயம். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் இன்வெர்ட்டர்களை வைத்துச் சோதித்தார்கள். நவீன இன்வெர்ட்டர்கள் பயந்ததைவிட மிக வேகமாக அடங்கின. அதன் பிறகு, பகல் குறைந்தபட்ச தேவையில் 120 சதவீதமாக இருந்த எல்லையை நிறுவனம் 2015-இல் 250 சதவீதமாக உயர்த்தியது. கம்பி அதே கம்பிதான். கூடியது நமக்கு அதைப் பற்றித் தெரிந்த விஷயம்.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே 2015 அக்டோபரில் ஹவாய் ஆணையம் புதியவர்களுக்கு நெட் மீட்டரிங்கை மூடியது. கம்பியில் இடம் கிடைத்த ஆண்டிலேயே விலைச் சலுகை போனது. இரண்டு வரம்புகளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

விண்ணப்பம் ஆய்வுக்குப் போனால் இன்னொரு வேதனை காத்திருக்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்பது வீடுகள் இலவசமாக இணைந்துவிட்டன. பத்தாவது வீட்டோடு கொள்ளளவு தாண்டுகிறது. பழைய வழக்கப்படி புதிய டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் செலவும் பத்தாவது வீட்டின் தலையில். அவர் பணம் கட்டி மாற்றினால் பதினொன்றாவது வீடு மறுபடி இலவசமாக இணையும். ‘யாரால் செலவு வந்ததோ அவரே தரட்டும்’ என்ற கொள்கை காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. நடைமுறையில் அது வரிசையில் நின்ற இடத்துக்கு விதிக்கும் அபராதம். செலவைப் பின்னால் வருபவர்களோடு பகிர்வது, அல்லது எல்லா விண்ணப்பத்துக்கும் சிறு கட்டணம் வைத்து நிதி சேர்ப்பது, இந்த இரண்டில் எதுவானாலும் இதைவிட மேல்.

எல்லாரும் ஒரே விதத்தில் நடந்தால்

தெருவைத் தாண்டி நாடு முழுவதற்குமான ஒரு பிரச்சினையும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு காலத்தில் எல்லா இன்வெர்ட்டர்களும் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் உடனே அணைய வேண்டும் என்று விதி இருந்தது. பேனல்கள் சொற்பமாக இருந்தபோது எழுதியது. லட்சக்கணக்கில் பெருகிய பிறகு, அந்த ஒரு கணத்தில் எல்லாம் ஒன்றாக அணைந்தால் முழு மின்தொகுப்பும் ஆடிப்போகும் என்று உணர்ந்து, 2012-இல் ஆணை பிறப்பித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைத் திருத்தினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மின்தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2021 மார்ச் 14 அன்று, கூரை சோலாரில் ஒரு பகுதியை முதன்முறையாகத் தொலைவிலிருந்து சிறிது நேரம் நிறுத்தினார்கள்.

அந்த மாநிலமே பிறகு காட்டிய வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. நெரிசல் உள்ள இடங்களில் நிலையான வரம்பு என்றால் 1.5 கிலோவாட் மட்டுமே அனுப்ப முடியும், வருஷம் முழுக்க. கம்பி நெரிவதோ வருஷத்தில் சில நாட்களில், சில மணி நேரங்களில். எனவே நிறுவனம் இன்வெர்ட்டரோடு இணையம் வழியாகப் பேசி, இடமிருக்கும் நேரத்தில் 10 கிலோவாட் வரை விடுகிறது, நெருக்கும்போது மட்டும் 1.5-க்கு இறக்குகிறது. மோசமான ஒரு மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதையும் தண்டிக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுப்பாட்டின் ஒரு முனை நிறுவனத்தின் கையில் போகிறது என்பதால், எத்தனை மணி நேரம் இறக்கினார்கள் என்ற பதிவு வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும்.

பண வரம்பைப் பொறுத்தவரை, காற்று வேறு பக்கம் அடிக்கிறது. மொத்த வரம்பை வைப்பதைவிட, கொடுக்கும் யூனிட்டுக்கும் எடுக்கும் யூனிட்டுக்கும் வெவ்வேறு விலை வைக்கும் நெட் பில்லிங்குக்கு ஆணையங்கள் மாறுகின்றன. கலிஃபோர்னியா 2023 ஏப்ரல் 15 முதல் புதியவர்களுக்கு இப்படி மாற்றியது. அனுப்பும் யூனிட்டின் சராசரி மதிப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு சரிந்தது. நெதர்லாந்தில் 2027 ஜனவரி 1-ஆம் தேதி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை முடிவுக்கு வருகிறது. இந்த ஏற்பாட்டில் கதவு மூடப்படுவதில்லை, ஆனால் மதியத்தில் அனுப்பும் மின்சாரத்துக்கு மதிப்புக் குறைவு, மாலையில் கூடுதல். அப்புறம் பேட்டரி வைப்பவருக்கே கணக்கு நிற்கும். துணி துவைப்பதையும் கார் சார்ஜ் செய்வதையும் மதியத்துக்கு மாற்ற முடிந்தவருக்கும் ஓரளவு நிற்கும்.

ஆகவே ‘வரம்பு முடிந்தது’ என்ற கடிதம் கையில் வந்தால், எந்த வரம்பு என்று எழுத்தில் கேளுங்கள். அமைப்பின் அளவு என்றால் இன்வெர்ட்டரை மாற்றி அல்லது இணைப்பின் மின்சுமையைக் கூட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். திட்டத்தின் மொத்த வரம்பு என்றால் அது எதில் எத்தனை சதவீதம், இன்று எவ்வளவு நிரம்பியிருக்கிறது, காத்திருப்போர் பட்டியல் உண்டா, இணைந்த பிறகு எத்தனை ஆண்டுக்கு அதே முறை நீடிக்கும் என்று கேட்கலாம். ஃபீடர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதன் கொள்ளளவு, ஏற்கெனவே இணைந்த சோலார், பகல் குறைந்தபட்ச தேவை ஆகிய மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேவை பேனல்கள் வருமுன் அளந்ததா, வந்த பிறகு அளந்ததா என்பதையும் சேர்த்து. இடமே இல்லை என்றாலும், வெளியே ஒரு யூனிட்டும் அனுப்பாமல் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் அனுமதியைப் பல நிறுவனங்கள் தனி விண்ணப்பமாக ஏற்கின்றன.